கேஃபிர், மோர், புரோபயாடிக் பாட்டில்: உடம்புக்கு நிஜமாகக் கிடைப்பது என்ன?

பால்குடம் | காலை 8:05

கேஃபிர் (பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்து புளிக்கவைத்த பால்), மோர், நல்ல பாக்டீரியா சேர்த்த புரோபயாடிக் பாட்டில் என்று புளிக்கவைத்த பால் பானங்களைப் பற்றி எங்கே பார்த்தாலும் இரண்டே குரல்தான். ஒன்று, சர்வரோக நிவாரணி. இன்னொன்று, எல்லாம் விளம்பரம். தெரிந்தவர்கள் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். பால் சேராதவர்களுக்கு இவை சேர்வது நிஜமா, நிஜமென்றால் ஏன்? இதிலுள்ள பாக்டீரியா குடலில் போய்க் குடியேறுகிறதா? கடை பாட்டிலா, வீட்டில் செய்வதா? ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் நாட்களில் குடிக்கலாமா? பொத்தாம்பொதுவாக வேண்டாம், அளவோடு சொல்லுங்கள்.

நுண்ணோக்கி | காலை 8:52

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது. நான்கில் ஆதாரம் கெட்டியாக இருப்பது இதற்குத்தான்.

பசும்பாலில் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 4.7 கிராம் லாக்டோஸ், அதாவது பாலின் இயற்கைச் சர்க்கரை. புளிக்கும்போது பாக்டீரியா அதில் 20 முதல் 30 சதவீதத்தைத் தின்று லாக்டிக் அமிலமாக்கும். மிச்சம் மூன்றரை கிராம் சொச்சம். "புளித்தால் லாக்டோஸ் போய்விடும்" என்பது தவறு. அமிலம் ஏற ஏற பாக்டீரியா தானே மந்தமாகிவிடும், அதனால் முழுவதையும் தின்று முடிக்காது.

அப்படியானால் வயிறு ஏன் உப்புவதில்லை? பாக்டீரியாவின் உள்ளேயே லாக்டோஸை உடைக்கும் பீட்டா-காலக்டோசிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அதன் செல்சுவரும் பாலின் புரதமும் சேர்ந்து இரைப்பை அமிலத்திலிருந்து நொதியைக் காப்பாற்றுகின்றன. சிறுகுடலுக்கு வந்ததும் பித்தநீர் பட்டுச் செல்சுவர் பொத்தலாகி நொதி வெளியே கசியும். அங்கே அமிலம் குறைவு, நொதி நன்றாக வேலை செய்யும். போதாததற்கு, கெட்டியான பானம் இரைப்பையை விட்டு மெதுவாக இறங்குவதால் லாக்டோஸ் மொத்தமாக வந்து குவிவதில்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் இந்த ஒரு பயனை ஏற்றுக்கொண்டது. ஆனால் நிபந்தனை உண்டு: ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள தயிர் பாக்டீரியா இருக்க வேண்டும். புளித்த பிறகு சூடுபடுத்திப் பாட்டிலில் அடைத்த பானங்களில் நொதியும் செத்துவிடும். அவற்றுக்கு இந்தப் பயன் கிடையாது.

தட்டும்கிண்ணமும் | காலை 9:10

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். லாக்டோஸ் செரிக்காதவர்களில் பெரும்பாலானோர் ஒரே நேரத்தில் 12 கிராம் வரை தாங்குவார்கள். 200 மி.லி. கேஃபிரில் சுமார் 7 கிராம். கணக்கே பாதி வேலையைச் செய்துவிடுகிறது, பாக்டீரியா மீதியைப் பார்த்துக்கொள்கிறது.

பால் பவுடர் சேர்த்துக் கெட்டியாக்கிய பானங்களில் லாக்டோஸ் மறுபடி ஏறிவிடும். "பாக்கெட் தயிர்பானம் மட்டும் சேரவில்லை" என்கிற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். சேர்க்கைப் பட்டியலில் பால் திடப்பொருள் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

வெண்தாடி | காலை 9:31

கேஃபிர்ல முப்பது நாற்பது வகை நுண்ணுயிர் இருக்குங்க. தயிர்ல ரெண்டே ரெண்டு. குடல்ல போய் உக்காந்துக்கிட்டா அப்புறம் எதிர்ப்புச் சக்தி, தோல், தூக்கம், எடை எல்லாமே தானா சரியாயிடும். இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி வேணும்?

நுண்ணோக்கி | காலை 10:04

@வெண்தாடி, வகை அதிகம் என்பது சரி. உட்கார்ந்துகொள்ளும் என்பதுதான் இடிக்கிறது.

குடியேற்றக் கதை பழையது. 1905-இல் பல்கேரியரான ஸ்டாமென் கிரிகோரோவ் தயிரின் தண்டுவடிவ பாக்டீரியாவைக் கண்டறிந்தார். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த விஞ்ஞானி மெச்னிகாஃப், பல்கேரிய விவசாயிகளின் நீண்ட ஆயுளுக்கு அதுதான் காரணம் என்று நினைத்தார். அவருக்கு 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் செல்கள் கிருமியை விழுங்குவதைக் கண்டுபிடித்ததற்காக. தயிருக்காக அல்ல. இன்றும் விளம்பரங்களில் அந்த நோபலைத் தயிர்க் கணக்கில் எழுதுகிறார்கள். அவர் நம்பிய பாக்டீரியா மனிதக் குடலில் நிலைப்பதில்லை என்பது பின்னால் தெரிந்தது.

பானத்தில் வருபவை பெரும்பாலும் வழிப்போக்கர்கள். குடிக்கிற நாட்களில் மலத்தில் தென்படும், நிறுத்தினால் சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் மறையும். அதற்காகப் பயனில்லை என்று ஆகாது. போகிற வழியில் நொதியை விட்டுவிட்டுப் போகின்றன, அமிலம் தயாரிக்கின்றன, குடல் சுவரின் எதிர்ப்புச் செல்களைத் தொட்டுப் பேசுகின்றன. விட்டுவிட்டுக் குடிப்பதைவிடத் தினமும் கொஞ்சம் குடிப்பதற்கு அர்த்தம் இருப்பது இதனால்தான்.

நல்ல ஆதாரம் வேண்டுமென்றால் 2021-இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஆய்வைச் சொல்லலாம். ஆரோக்கியமான 36 பேர், 10 வாரம். புளித்த உணவுக் குழுவில் குடல் நுண்ணுயிர்களின் பன்மை கூடியது, இரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. ஆனால் அவர்கள் நாளுக்குச் சராசரியாக ஆறு பங்கு சாப்பிட்டார்கள். பால் பானம் மட்டுமல்ல, புளித்த காய்கறியும் தேநீர் வகைப் பானமும் சேர்த்து. ஒரு டம்ளர் கேஃபிரை வைத்துக்கொண்டு அந்த ஆய்வைக் காட்டுவது நியாயமில்லை.

வெண்தாடி | காலை 10:20

சரி, உக்காரலைன்னே வெச்சுக்குவோம். இரத்த அழுத்தம் குறையுதுன்னு சொல்றாங்களே?

தட்டும்கிண்ணமும் | காலை 10:41

அதற்கு ஒரு அடிப்படை உண்டு. ஹெல்வெடிகஸ் என்ற பாக்டீரியா பாலின் கேசின் புரதத்தை வெட்டும்போது மூன்று அமினோ அமிலம் கொண்ட சிறு துண்டுகள் இரண்டு உருவாகும். இரத்தக் குழாயைச் சுருக்கும் ஏ.சி.இ. என்ற நொதியை அவை தடுக்கும். ஆய்வகத்தில் தெளிவாகத் தெரிகிற விஷயம். மனிதர்களிடம் முடிவுகள் முன்னுக்குப்பின் முரண். ஐரோப்பிய ஆணையம் இந்தக் கூற்றை ஏற்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

நீரிழிவு பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மார்ச் 2024-இல், வாரத்துக்குக் குறைந்தது 2 கப் தயிர் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பைக் குறைக்கலாம் என்று எழுதிக்கொள்ள அனுமதித்தது. கூடவே "ஆதாரம் வரம்புக்குட்பட்டது" என்றும் எழுத வேண்டும். அந்த வாசகத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

உறுதியான பயன் வேண்டுமா, சத்துப் பக்கம் வாருங்கள். முழுப் பாலில் செய்த கேஃபிரோ தயிர்பானமோ 100 மி.லி.க்குச் சுமார் 3.3 கிராம் புரதம், 120 மி.கி. கால்சியம் தருகிறது. பாக்டீரியா புரதத்தை ஓரளவு முன்கூட்டியே உடைத்துவிடும். ஃபோலேட் சற்றுக் கூடலாம். பி12 மட்டும் சில பாக்டீரியாவே எடுத்துக்கொள்வதால் கொஞ்சம் குறையக்கூடும். இதில் பளபளப்பு எதுவும் இல்லை, ஆனால் இதுதான் தினமும் உடம்பில் சேர்கிறது.

பால்குடம் | காலை 11:15

அப்படியென்றால் தண்ணீர் மோர்?

புளிப்பு4.5 | காலை 11:38

ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டால் எல்லாமே நாலில் ஒன்று. 200 மி.லி. மோரில் 50 கிராம் தயிர்தான் இருக்கிறது. புரதம் ஒன்றரை கிராம் சொச்சம், கால்சியம் 60 மி.கி., பாக்டீரியாவும் அதே விகிதம். நீர்ச்சத்துக்கு அருமையான பானம், எலும்புக்கு என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம்தான். உப்பைக் கவனியுங்கள்: ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போட்டால் டம்ளருக்கு ஒரு கிராமுக்கு மேல் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்வது 5 கிராமுக்குக் குறைவு.

கடைந்து வெண்ணெய் எடுத்த மோர் வேறு. அதில் கொழுப்புதான் போயிருக்கும், மற்றதெல்லாம் நீங்கள் ஊற்றும் தண்ணீரைப் பொறுத்தது.

தட்டும்கிண்ணமும் | பகல் 12:20

கடை பாட்டிலா, வீடா என்ற கேள்விக்கு: லேபிள் படிக்கத் தெரிந்தால் இரண்டும் சரி.

முதலில் சர்க்கரை. இனிப்பூட்டிய பானங்களில் 100 மி.லி.க்கு 10 கிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். அதில் 4 கிராம் அளவு பாலின் சர்க்கரை, மிச்சம் சேர்த்தது. சேர்த்த சர்க்கரை நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 250 மி.லி. பாட்டில் ஒன்றிலேயே 15 கிராம் போய்விடும். பல்லுக்கும் அதுதான் வில்லன். வெறும் தயிர்பானத்தின் புளிப்பைக் கால்சியமும் பாஸ்பேட்டும் ஈடுகட்டிவிடும்.

அடுத்து பாக்டீரியாவின் பெயர். பேரினம், சிற்றினம், அதற்குப் பின்னால் ஒரு எழுத்தோ எண்ணோ சொல்லோ இருக்க வேண்டும். அந்தக் கடைசிக் குறிதான் ஸ்ட்ரெயின், அதாவது சிற்றினத்துக்குள் உள்ள தனி உட்பிரிவு. ஆய்வில் பலன் காட்டியது ஒரு குறிப்பிட்ட ஸ்ட்ரெயின்தான். "லாக்டோபாசிலஸ் உள்ளது" என்று மட்டும் போட்டிருந்தால், வண்டி வாங்கப் போனவரிடம் "நாலு சக்கரம் இருக்கு" என்று சொல்வதைப் போல.

நுண்ணோக்கி | பகல் 12:47

பெயரில் ஒரு குழப்பம் வரும். 2020-இல் லாக்டோபாசிலஸ் பேரினத்தை 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். பழைய லேபிளில் "லாக்டோபாசிலஸ் கேசி", புதியதில் "லாக்டிகேசிபாசிலஸ்". உயிர் அதேதான். பெயர் மாறியதை வைத்துப் "புதிய கண்டுபிடிப்பு" என்று விற்றால் நம்பாதீர்கள்.

எண்ணிக்கைக்குக் கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரம் ஒன்று உண்டு. புளிக்கவைத்த பாலில் உறை நுண்ணுயிர்கள் ஒரு கிராமுக்குக் குறைந்தது 1 கோடி. லேபிளில் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது குறைந்தது 10 லட்சம். கேஃபிரில் ஈஸ்ட் குறைந்தது 10 ஆயிரம். இது காலாவதித் தேதி வரை நிற்க வேண்டிய எண்ணிக்கை, நிரப்பிய நாளில் உள்ளது அல்ல. இந்த 1 கோடியையும் நான் காலையில் சொன்ன 10 கோடியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தரத்தைத் தாண்டிய பாட்டில் எல்லாமே லாக்டோஸ் விஷயத்தில் உதவும் என்று சொல்லிவிட முடியாது.

புளிப்பு4.5 | பகல் 2:10

வீட்டில் கேஃபிர் செய்வதைப் பற்றி. கேஃபிர் மணி என்பது விதையல்ல. கேஃபிரான் என்ற பிசின் போன்ற சர்க்கரைப்பொருளும் புரதமும் சேர்ந்த கூட்டில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் குடியிருக்கும் கட்டி.

அரை லிட்டர் பாலுக்கு 15 முதல் 20 கிராம் மணி, அதாவது குவித்த ஒரு மேசைக்கரண்டி. காய்ச்சி ஆறவைத்த பால். கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் ஊற்றித் துணியால் மூடுங்கள், இல்லையென்றால் மூடியைத் தளர்வாக வையுங்கள். 20 முதல் 25 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம். ஜாடியைச் சாய்த்தால் பால் ஒன்றாகச் சேர்ந்து நகர வேண்டும், ஓரத்தில் தெளிநீர் கோடு தெரிய ஆரம்பிக்க வேண்டும். அதுதான் வடிகட்டும் நேரம். புளிப்பை அளக்கும் பிஎச் தாள் இருந்தால் 4.2 முதல் 4.6 (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்).

நல்ல துருப்பிடிக்காத எஃகு வடிகட்டி தாராளமாகப் பயன்படுத்தலாம். உலோகமே படக்கூடாது என்பது மிகை. அலுமினியமும் செம்பும்தான் வேண்டாம், அமிலம் அரிக்கும்.

மணியை ஒவ்வொரு முறையும் கழுவாதீர்கள். குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவுவதுதான் மணி சோம்பலாவதற்கு முதல் காரணம். ஊருக்குப் போவதானால் புதுப் பாலில் போட்டுக் குளிர்பெட்டியில் ஒன்றிரண்டு வாரம் வைக்கலாம். எடுத்த பின் முதல் இரண்டு தடவை வருவதைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள், சமநிலை திரும்ப அவ்வளவு ஆகும்.

வெண்தாடி | பகல் 2:34

எட்டு மணி நேரத்துலயே தண்ணி தனியா, கட்டி தனியா பிரிஞ்சு, சாராய வாடை அடிக்குதுன்னு நிறைய பேரு சொல்றாங்க. மணி கெட்டுப்போச்சா?

புளிப்பு4.5 | பகல் 3:02

கெட்டுப்போகவில்லை, பசி அதிகம். மணி பெருகப் பெருகப் பழைய அளவு பாலையே ஊற்றிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். மணியைப் பாதியாக்குங்கள். 28 டிகிரிக்கு மேல் போனாலும் ஈஸ்ட் முந்திக்கொள்ளும், அதுதான் அந்த வாடை. வெயில் காலத்தில் மணியையும் நேரத்தையும் சேர்த்தே குறைக்க வேண்டும். ஏற்கெனவே பிரிந்ததைக் கலக்கிக் குடிக்கலாம், புளிப்பு தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

தயிர் வகைப் பானத்துக்குக் கதை வேறு. பாலை 85 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் தெளிநீர்ப் புரதம் உருமாறிக் கேசினோடு ஒட்டிக்கொள்ளும். பானம் கெட்டியாக இருக்கும், தண்ணீர் விடாது. 43 டிகிரிக்கு ஆறியதும் லிட்டருக்கு 20 முதல் 30 மி.லி. உறை. 4 முதல் 6 மணி நேரத்தில் பிஎச் 4.6-ஐத் தொடும். அதைவிட அதிகச் சூட்டில் உறை ஊற்றினால் பாக்டீரியா மந்தமாகிப் பால் சரியாக உறையாமல் போகலாம்.

நூல் விட்டுக் கொழகொழத்தால் வெப்பம் குறைவு, அல்லது பிசின் சுரக்கும் வேறு பாக்டீரியா ஏறிவிட்டது. கசந்தால் பழைய உறை, புரதம் அதிகமாக உடைந்திருக்கிறது. எல்லாம் சரியாகச் செய்தும் உறையவே இல்லையா? பாலில் மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தாலும் உறையாது, உறையில் பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் புகுந்திருந்தாலும் உறையாது. முதலில் பாலை மாற்றுங்கள், பிறகு உறையை.

கேஃபிரில் குமிழி வருவது இயல்பு. தயிரில் குமிழியோ நுரையோ வந்தால் கொட்டிவிடுங்கள். பூஞ்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத் திட்டு எதைக் கண்டாலும் மேலே மட்டும் வழித்தெடுக்காமல் மொத்தத்தையும் கொட்டுங்கள். மணியில் அப்படி வந்தால் மணியும் போக வேண்டியதுதான்.

நுண்ணோக்கி | பகல் 3:20

காய்ச்சாத பாலில் செய்தால் "நல்ல பாக்டீரியா கெட்டதைக் கொன்றுவிடும்" என்று யாராவது எழுதுவதற்குள் முந்திக்கொள்கிறேன். லிஸ்டீரியா, ஈ.கோலை ஓ157 போன்ற நோய்க்கிருமிகள் புளிப்பைத் தாங்கி நாள்கணக்கில் பிழைக்கும். கர்ப்பிணிகளுக்கு லிஸ்டீரியா கருவையே பறிக்கலாம். பாலைக் காய்ச்சாமல் செய்யவே கூடாது.

மாத்திரைப்பெட்டி | மாலை 4:45

ஆன்டிபயாட்டிக் கேள்வி என் பக்கம். இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

பானம் மருந்தைக் கெடுக்குமா? சிலவற்றை நிச்சயம் கெடுக்கும். டெட்ராசைக்ளின் வகையையும் சிப்ரோஃப்ளாக்சசினையும் பாலின் கால்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் ஏற விடாது. சிப்ரோஃப்ளாக்சசினைப் பானத்துக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோ எடுங்கள். தைராய்டுக்கான லெவோதைராக்சினுக்கும் 4 மணி நேர இடைவெளி நல்லது. அமாக்சிசிலினுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மருந்தால் வரும் வயிற்றுப்போக்கைப் பானம் தடுக்குமா? குழந்தைகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வில் ராம்னோசஸ் பாக்டீரியாவும், பவுலார்டி என்ற ஈஸ்ட்டும் நாளுக்கு 500 கோடி முதல் 4,000 கோடி வரை என்ற அளவில் பலன் தந்தன. கோடெக்ஸ் குறைந்தபட்சத்தில் இருக்கும் 200 மி.லி. பானத்தில் சுமார் 200 கோடிதான், அதுவும் வேறு பாக்டீரியா. எனவே சாதாரண மோரோ கேஃபிரோ அந்த இடத்தை நிரப்பும் என்று சொல்ல முடியாது. குடித்தால் தவறில்லை. மேலே தனியாக இடைவெளி சொன்னவை தவிர, மற்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையிலிருந்து குறைந்தது 2 மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், கூடவே விழுங்கினால் பாக்டீரியாதான் முதலில் சாகும்.

யாருக்கு வேண்டாம் என்பதும் முக்கியம். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் புளித்ததும் ஆபத்துதான். புளிப்பு ஒவ்வாமைப் பொருளை அழிப்பதில்லை. லாக்டோஸ் சேராமையும் ஒவ்வாமையும் ஒன்றல்ல. காலக்டோசீமியா, அதாவது லாக்டோஸ் உடைந்து வரும் காலக்டோஸை உடம்பு கையாள முடியாத பிறவிக் குறை, உள்ள குழந்தைக்குக் கூடவே கூடாது. எதிர்ப்புச் சக்தி மிகவும் தாழ்ந்தவர்கள், புற்றுநோய் மருந்து ஏறுபவர்கள், மையச் சிரைக் குழாய் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அரிதாக என்றாலும் இந்த பாக்டீரியா இரத்தத்தில் புகுந்த நிகழ்வுகள் உண்டு. சிறுநீரக நோயில் பொட்டாசியமும் பாஸ்பரசும் கணக்கு, 100 மி.லி.க்கு 150 மி.கி. அளவு பொட்டாசியம் இருக்கிறது. ஒரு வயதுக்குள் முக்கிய உணவாக எந்த மாட்டுப்பாலும் வேண்டாம்.

பால்குடம் | மாலை 5:30

கேஃபிரில் ஆல்கஹால் உண்டு என்கிறார்களே, குழந்தைக்குக் கொடுக்கலாமா?

புளிப்பு4.5 | மாலை 5:52

ஈஸ்ட் இருக்கிற இடத்தில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். 24 மணி நேரத்தில் வடிகட்டியது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குக் கீழே. பழச்சாறு சேர்த்து இறுக மூடி இரண்டாம் நாளும் வெளியே வைத்தால் ஏறும், பாட்டிலில் அழுத்தமும் ஏறும். சதுரக் கண்ணாடி பாட்டில் வெடிக்கும், வட்டமான தடித்த பாட்டில் வையுங்கள், தினமும் ஒருமுறை திறந்து காற்றை விடுங்கள். குதிரைப்பாலில் செய்யும் கூமிஸில் லாக்டோஸ் அதிகம் என்பதால் ஆல்கஹாலும் அதிகம், சில வகைகள் 2 சதவீதம் தாண்டும். குழந்தைக்கு என்றால் ஈஸ்ட் இல்லாத தயிர்பானமே போதும்.

மாத்திரைப்பெட்டி | மாலை 6:01

குடிப்பழக்கத்தை விடுவதற்காக டைசல்ஃபிராம் சாப்பிடுபவர்கள் கேஃபிரைத் தொட வேண்டாம். அந்தச் சிறு அளவே முகம் சிவந்து, குமட்டி, படபடக்க வைத்துவிடலாம்.

வெண்தாடி | இரவு 7:15

சரி, நான் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன். புதுசா ஆரம்பிக்கறவங்க எவ்வளவு குடிக்கணும்? வெறும் வயித்துலயா, சாப்பாட்டோடயா?

தட்டும்கிண்ணமும் | இரவு 7:48

முதல் நான்கைந்து நாள் 50 மி.லி., பிறகு 100, ஒத்துக்கொண்டால் 200. நேராக அரை லிட்டரில் இறங்கிவிட்டு "வாயு வந்துவிட்டது, நச்சு வெளியேறுகிறது" என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். அது நச்சு அல்ல, செரிக்காத லாக்டோஸ். சாப்பாட்டோடு குடித்தால் இரைப்பை அமிலம் தணிந்திருக்கும், லாக்டோஸும் மெதுவாக இறங்கும். வெறும் வயிற்றில்தான் பலன் என்பதற்கு அடிப்படை இல்லை. தலைவலி, முகம் சிவத்தல், அரிப்பு வருபவர்கள், புளிக்கும்போது பாக்டீரியா உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைச் சந்தேகப்படலாம். நீண்ட நேரம் புளித்ததில் அது கூடுதலாக இருக்கும்.

பால்குடம் | இரவு 8:10

கடைசியாக ஒன்று. செய்ததை எத்தனை நாள் வைக்கலாம்? சூடான சாதத்திலோ குழம்பிலோ ஊற்றினால் பாக்டீரியா மிஞ்சுமா?

நுண்ணோக்கி | இரவு 8:33

4 டிகிரியில் ஒரு வாரம் நிம்மதியாக வைக்கலாம். அதற்குப் பிறகும் உடனே கெடாது, ஆனால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும், உயிருள்ளவை குறைந்துகொண்டே போகும். குளிர்பெட்டிக் கதவில் வைக்காதீர்கள், அங்கேதான் வெப்பம் அதிகம் ஏறி இறங்கும். ஃப்ரீசரில் பனிக்கட்டியாக்கினால் ஒரு பகுதி சாகும், மீதி பிழைக்கும்.

சூட்டைப் பொறுத்தவரை 60 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலானவை போய்விடும். கொதிக்கும் குழம்பில் விட்டால் புரதமும் கால்சியமும் மிஞ்சும், பாக்டீரியா மிஞ்சாது. விரல் வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு ஊற்றுங்கள்.